கூத்து முடிந்து திரும்புகையில்

காணைப் பக்கம் கூத்துப் பார்த்துவிட்டு விடியற்காலையில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். நாங்க நாலு பேர். கைமாறிக் கைமாறிப் படித்த புத்தகம் ஒண்ணு, இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’. பேச்சு அதுக்குத் திரும்பியது.

“நம்ம அசிங்கத்த நாமளே தெருவுல போடுறதா? ஊர்க்காரன் கைகொட்டிச் சிரிப்பான்” என்றான் ஒருத்தன். 1994இல் நாவல் வந்தபோது தலித் எழுத்தாளர்கள் மத்தியிலேயே எழுந்த கோபம்தான் இது. இன்னும் ஆறவில்லை. பறையர் காலனிக்குத் துணி வெளுத்து, பிரசவம் பார்த்து, ராச்சோறு எடுத்துப் பிழைக்கும் புதிரை வண்ணார் குடும்பத்தின் கதை. ஆரோக்கியம் கையேந்தி நிற்பது நம் வாசலில்.

“ராத்திரி கட்டியங்காரன் ராசாவக் கிண்டல் பண்ணப்ப விழுந்து விழுந்து சிரிச்சமே, நம்மளச் சொன்னா மட்டும் வலிக்குதா?” என்றான் இன்னொருத்தன். யாரும் பேசவில்லை. கூத்துக் களத்தில் எங்கள் தெருவுக்கு வெளுக்கிற கிழவி தள்ளி ஓரமாக உட்கார்ந்திருந்ததை எல்லோரும் பார்த்திருந்தோம்.

நாவலில் குறை இல்லாமல் இல்லை. வெளிச்சம் அதிகமும் காலனிமேல் விழுகிறது. இந்தப் படிக்கட்டைக் கட்டிய ஊர்த்தெரு இருட்டில் தப்பித்துக்கொள்கிறது. ஆரோக்கியத்துக்கு அழுகை நிறைய, கோபம் கம்மி. ஆனால் அதைச் சொல்லிப் புத்தகத்தை மூடிவிட முடியாது. சாதி என்பது படிநிலைச் சமத்துவமின்மை என்றார் அம்பேத்கர். மேலே பார்த்துக் கோபப்படுவதோடு நம் வேலை முடிவதில்லை.

எழுந்திருக்கும்போது, கோபித்தவனே கேட்டான்: “அந்தக் கெழவி பேரு என்னாடா?”

எங்களில் யாருக்கும் தெரியவில்லை. சாதிப் பேரைச் சொல்லியே கூப்பிட்டுப் பழகியிருந்தோம்.