கண்ணை மறைத்துக் காலைப் பழக்குதல்

விளையாட்டு வீரரின் பார்வையை வேண்டுமென்றே மறைத்தோ, மங்கச் செய்தோ, குழப்பியோ அவருடைய உடற்சமநிலையைப் பழக்கும் முறை, கணுக்கால் சுளுக்கிலிருந்து மீளுவோருக்கான இயன்மருத்துவத்திலிருந்து தொழில்முறை அணிகளின் பயிற்சிக்கூடங்கள் வரை இன்று இடம்பிடித்துள்ளது. கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்பது அதன் எளிய வடிவம். நொடிக்குச் சில தடவை தானாகவே இருண்டு தெளியும் மினுக்குக் கண்ணாடியை அணிந்து பந்து பிடிப்பது அதன் விலையுயர்ந்த வடிவம். இலங்கையின் கண்டி மாவட்டத்திலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இயன்மருத்துவம் ஒரு பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. அவ்வளாகத்தினூடே மலையேறும் கலஹா வீதியோ, சமதரை அரிதாகக் கிடைக்கும் தேயிலைச் சரிவுகளில் போய் முடிகிறது. அந்தச் சரிவுகளில் கரப்பந்தும் வலைப்பந்தும் ஆடும் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இம்முறையில் எது பயன்படும், எது வெறும் பகட்டு என்பதைப் பிரித்தறிய, முதலில் அதன் அடிப்படையைப் பார்க்க வேண்டும்.

மனித உடல் நிலைகுலையாது நிற்பதற்கு மூன்று வழிகளில் செய்தி பெறுகிறது: ஒன்று கண், இரண்டாவது, தலையின் சுழற்சியையும் சாய்வையும் அறியும் உட்காது, மூன்றாவது, பாதத்தின் தோலும் தசைகளும் மூட்டுகளும் தரும் உடலுணர்வு. பெர்லின் மருத்துவர் ரோம்பெர்க், முள்ளந்தண்டு நோயால் காலுணர்வு குன்றியவர்கள் கண்ணை மூடியதும் தள்ளாடுவதை 19ஆம் நூற்றாண்டிலேயே விவரித்தார். அவர் பெயரால் வழங்கும் பரிசோதனை இன்றும் வழக்கில் உள்ளது. 1974இல் லீயும் அரன்சனும் தரையை அசைக்காமல் சுவர்களை மட்டும் நகர்த்தும் அறை ஒன்றை அமைத்து, நடைபழகும் குழந்தைகளை அதில் நிறுத்தினர். காலடியில் எதுவும் மாறாதபோதும் குழந்தைகள் தடுமாறினர், சிலர் விழுந்தே போயினர். ஆயினும் நல்ல வெளிச்சத்தில், உறுதியான தரையில் நிற்கும் உடல்நலமுள்ள ஒருவர் ஏறத்தாழ 70 விழுக்காடு உடலுணர்வையும், 20 விழுக்காடு உட்காதையும், 10 விழுக்காடு மட்டுமே பார்வையையும் நம்புவதாக ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். தரை இளகும்போதும் கால் காயப்படும்போதும் இந்தப் பங்கீடு மாறுகிறது, மூளை ஒரு வழியின் நம்பகம் குறைந்தால் மற்றொன்றின் மீது சாய்ந்துகொள்கிறது என்பதே விழிமறைப்புப் பயிற்சியின் முழு அடிப்படையும் ஆகும்.

இதன் வலுவான பக்கம் காயத்தின் பின்னரே தெரிகிறது. அடிக்கடி கணுக்கால் புரளும் வீரர்கள், ஒற்றைக் காலில் நிற்கும்போது மற்றவர்களைவிடப் பார்வையை அதிகம் சார்ந்திருப்பதை 2016இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது. கணுக்காலின் செய்தி பழுதுபட்டதால் கண் அதன் வேலையையும் சேர்த்துச் சுமக்கிறது. மருத்துவ அறையில் தடுமாறாமல் நிற்கும் அந்த வீரர், கண் பந்தின் மீது போன கணத்தில் மீண்டும் காலைப் புரட்டிக்கொள்கிறார். கரப்பந்தில் பெரும்பாலான கணுக்கால் சுளுக்குகள் வலையோரத்தில் துள்ளி இறங்கும்போது, பிறர் பாதத்தின் மீது கால் பட்டே நேர்கின்றன என்பதையும், அந்நேரம் ஆடுபவரின் கண் தரையில் இருப்பதில்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கண் என்ற ஊன்றுகோலைச் சற்று நேரம் பறித்து, உறங்கிப்போன காலுணர்வை மறுபடி வேலைக்கு இழுப்பது இங்கே நியாயமான சிகிச்சை. அதற்குச் செலவும் இல்லை.

குறை தொடங்குவது, இந்தச் சிகிச்சையை நலமுள்ள வீரர்க்கான திறன் வளர்ப்பாக விற்கும்போதுதான். சமநிலைப் பயிற்சி குறித்து 2016இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு, நலமுள்ளோர் தாம் பழகிய நிற்கும் முறையில் மட்டுமே தெளிவாக முன்னேறினர், பழகாத முறைகளுக்கு அந்த முன்னேற்றம் பெரிதாகக் கடக்கவில்லை என்று கண்டது. கண்ணை மூடிப் பழகியவரைக் கண்ணை மூடச் சொல்லியே அளந்தால் மதிப்பெண் கூடத்தான் செய்யும். ஆடுகளத்தில் அவர் திடமாக இறங்குவார் என்பதற்கு அது சான்றாகாது.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. ஆட்டத்தில் பார்வை இல்லாமல் போவதில்லை, அது வேறு வேலையில் ஈடுபட்டிருக்கிறது. பந்தை அண்ணாந்து பார்க்கும் கரப்பந்து வீரரின் நடுப்பார்வை பந்தில் இருந்தாலும், ஓரப்பார்வை வலையையும் எதிராளியையும் தொடர்ந்து அறிவிக்கிறது. அதேவேளை தலை பின்னால் சாய்ந்திருப்பதால் உட்காதின் உறுப்புகள் தமக்குப் பழக்கமான நிலையிலிருந்து விலகுகின்றன, உடலின் ஆட்டமும் கூடுகிறது. தலையை நேராக வைத்துக் கண்ணை மூடி நிற்பவர் இவற்றில் எதையும் பழகுவதில்லை. ஒற்றைக் காலில் நின்று, மேலெறியும் பந்தைக் கண்ணால் தொடர்ந்தபடி பிடிப்பது ஆட்டத்துக்குப் பன்மடங்கு நெருக்கமான பயிற்சி. மலைச்சரிவில் கூடை சுமந்து, கண்ணைக் கொழுந்தில் வைத்துக் காலால் வழி தேடும் தோட்டத் தொழிலாளப் பெண்ணின் உடலும் இவ்வகைத் திறனையே நாள்தோறும் கையாள்கிறது. அதை எந்தப் பயிற்சி நூலும் பாடமாக எழுதவில்லை என்பது வேறு கதை.

மினுக்குக் கண்ணாடி இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. பார்வையை முழுதாக அடைக்காமல் துண்டு துண்டாக விடுவதால், அணிந்தவர் ஆடிக்கொண்டே பழக முடிகிறது. 2011இல் நைக்கி நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தபின் அதன் புகழ் பரவியது. ஆனால் பெரிதும் பேசப்பட்ட 2013ஆம் ஆண்டின் ஆய்வு, கரோலைனா ஹரிக்கேன்ஸ் பனி ஹொக்கி அணியின் 11 வீரர்களை மட்டுமே கொண்டது. அணிந்து பழகியவர்கள் 18 விழுக்காடு முன்னேறினர் என்ற அதன் முடிவு பனித்தளத்தில் காட்டிய ஆட்டத்திறனைப் பற்றியதேயன்றிச் சமநிலையைப் பற்றியதன்று. அத்துடன், வலிப்பு நோயாளருள் ஏறத்தாழ 3 விழுக்காட்டினருக்கு ஒளிமினுக்கம் வலிப்பைத் தூண்டக்கூடும் என்பதால், விசாரிக்காமல் பிள்ளைகளுக்கு இதை மாட்டுவது பொறுப்பற்ற செயல். ஒரு பாடசாலை இக்கண்ணாடிக்குச் செலவிடும் பணத்தில், காயப்பட்ட பிள்ளையை இயன்மருத்துவரிடம் பலமுறை அனுப்பலாம்.

பாதுகாப்பு குறித்து நீண்ட விளக்கம் வேண்டியதில்லை: மழையில் நனைந்த சரிவிலும், கல் நீட்டிய திடலிலும் கண்கட்டிப் பயிற்சி கூடாது, சுவரோ தோழரோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

பயிற்றுவிப்பாளர் பலர் கவனிக்காத சிக்கல் மூளையதிர்வுப் பரிசோதனையில் இருக்கிறது. றகர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டவரைச் சோதிக்கும் முறையில், இடுப்பில் கைவைத்துக் கண்ணை மூடி, இரு கால், ஒற்றைக் கால், ஒன்றன்பின் ஒன்றாகக் கால் வைத்தல் என மூன்று நிலைகளில் தலா 20 நொடி நிற்கச் செய்து பிழைகளை எண்ணும் பகுதியும் ஒன்று. பருவத் தொடக்கத்தில் எடுத்த அளவு இருந்தால் அதனோடு ஒப்பிடுவர். திரும்பத் திரும்பச் செய்தால் இச்சோதனையில் பிழைகள் குறைவது ஏற்கெனவே அறியப்பட்டதே. ஆகவே ஆறு வாரம் கண்மூடிப் பழகிய ஒருவர், அடிபட்டு மூளை கலங்கிய நிலையிலும் தன் பழைய அளவைத் தொட்டுவிடக்கூடும், காயம் மறைந்துபோகும். 1945 முதல் பிரட்பி கேடயத்துக்காகக் கொழும்பு றோயல் கல்லூரியோடு மோதும் திரித்துவக் கல்லூரியைக் கொண்ட கண்டி மாவட்டத்தில், றகர் ஆடும் பாடசாலைகள் பல உண்டு. விழிமறைப்புப் பயிற்சியைக் கையாளும் உடற்கல்வி ஆசிரியர்கள், அப்பயிற்சி முடிந்தபின் ஒவ்வொரு வீரரின் சமநிலை அளவையும் புதிதாக எடுத்து, பழைய தாளைக் கிழித்துவிட வேண்டும்.