பின்பக்கம் போய்ப் பாருங்கள்

காரைக்கால் என்றதும் உங்களில் பாதிப் பேருக்குத் திருநள்ளாறு சனீஸ்வரன் ஞாபகத்துக்கு வருவார். மீதிப் பேருக்கு என்ன ஞாபகம் வரும் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதை விடுங்கள். எனக்கு இப்போதெல்லாம் காரைக்கால் என்றால் ஒரு ஜீப்தான்.

ஆனி மாதம் மாங்கனித் திருவிழா பார்க்கப் போயிருந்தேன். கூட்டத்துக்குப் பயந்து கடற்கரைப் பக்கமாக வண்டியை நிறுத்த இடம் தேடியபோது, மீனவர் குடியிருப்பு ஒன்றின் ஓரத்தில் கீற்றுக் கொட்டகை. உள்ளே பாசிப்பச்சை நிறத்தில் அது நின்றுகொண்டிருந்தது. 1968-ம் வருஷத்து மஹிந்திரா ஜீப். பின்னால் ஆள் உட்காரும் பெஞ்சுகளைத் தூக்கிவிட்டு, நீளமாகத் தொட்டி வைத்துப் பாடி கட்டியிருந்தார்கள். இன்றைய பாஷையில் சொன்னால், பிக்கப்.

ஓனருக்கு அறுபது வயதிருக்கும். அப்பா காலத்து வண்டியாம். நாகப்பட்டினத்துக்கும் காரைக்காலுக்கும் நடுவில் ஐஸ் பாரும் மீன் கூடையும் அடித்த வண்டி. பல வருஷம் படுத்துக் கிடந்ததை இரண்டு வருஷம் மெனக்கெட்டு எழுப்பி நிறுத்தியிருக்கிறார். "சுத்திப் பாருங்க சார், காசா பணமா?" என்றார். பார்த்தேன். சினிமாவுக்கு மார்க் போடுகிறோம், ஓட்டல் சாம்பாருக்கு மார்க் போடுகிறோம். ஒரு வண்டியைப் புதுப்பித்த விதத்துக்குப் போடக் கூடாதா? இது அந்த விமர்சனம்.

முதலில் முகம். இந்த ஜீப்பின் பானெட் கொஞ்சம் அசிங்கமான உயரம். யுத்த காலத்து வில்லிஸ் ஜீப்பின் தட்டையான அழகு இதில் கிடையாது. ஆனால் அந்த உயரத்துக்குக் காரணம் இருக்கிறது. 1953-ல் வில்லிஸ் கம்பெனி பழைய ஜீப்பில் சக்தி கூடிய புது எஞ்சினை வைத்தது. எஞ்சின் உயரம், பானெட் இடித்தது. பானெட்டைத் தூக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். அதே அச்சை வைத்துக்கொண்டு மஹிந்திரா பல பத்தாண்டுகள் இங்கே ஜீப் செய்தது. அழகுக்காக ஒரு அங்குலம்கூட வளைக்காத முகம் அது.

வேலை வண்டிகளின் அழகே இப்படித்தான் வந்து சேர்கிறது. 1948-ல் வெளிவந்த லேண்ட் ரோவருக்கு அலுமினிய உடம்பு கிடைத்தது எதனால்? யுத்தம் முடிந்த இங்கிலாந்தில் இரும்புத் தகடுக்குப் பஞ்சம். அந்தப் பச்சை நிறம்? ராணுவத்தில் மிஞ்சிப்போன பெயிண்ட். இன்றைக்கு அதே பச்சையை ஸ்பெஷல் ஆர்டர் கொடுத்துக் கலக்கி வாங்குகிறார்கள்!

காரைக்காலை 1954 வரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் கதை இன்னும் சுவாரஸ்யம். 1930-களில் சிட்ரோயன் கம்பெனித் தலைவர் பியர் புலான்ஷே தன் எஞ்சினீயர்களிடம் கேட்டது ஆடம்பரக் கார் இல்லை. மரச்செருப்புப் போட்ட இரண்டு விவசாயிகளும் ஐம்பது கிலோ உருளைக்கிழங்கும் ஏற வேண்டும், உழுத வயலில் ஓட்டினாலும் கூடையில் இருக்கும் முட்டை உடையக் கூடாது என்றார். அப்படிப் பிறந்ததுதான் 2சிவி. அறிமுகமானபோது அதன் ஷேப்பைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் அது விற்றது.

சரி, நம் ஜீப்புக்கு வருவோம். முகத்துக்கு நல்ல மார்க். கண்ணாடி ஃபிரேமை மாற்றவில்லை. பெயிண்டைப் பளபளவென்று அடிக்காமல் மங்கலாக விட்டிருக்கிறார். குரோமியம் பூசிய பம்பர் ஒன்றை முன்னால் மாட்டியிருக்கிறார் பாருங்கள், அதற்குக் கழித்துக்கொள்ள வேண்டியதுதான். மீன் வண்டிக்கு எதற்கு வெள்ளிக் கொலுசு? கேட்டேன். "மருமகப்புள்ள வாங்கிட்டு வந்தாரு சார். வேணாம்னு சொல்ல முடியுமா?" என்றார். முடியாதுதான். அரை மார்க் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்து, தொட்டி. இங்கேதான் புதுப்பிக்கிறவர்கள் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட் வாசலில் பழைய பிக்கப் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். செக்கச்செவேல் என்று பெயிண்ட், முகம் பார்க்கலாம். பின்தொட்டியில் மண் கொட்டிப் பூச்செடி வளர்த்திருந்தார்கள். பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ளலாம். அந்த வண்டி என்ன சுமந்தது, எந்த ரோட்டில் ஓடியது, யார் ஓட்டினார்கள் என்று அதைப் பார்த்து ஒரு வார்த்தை தெரிந்துகொள்ள முடியாது. அறுபது வருஷ உழைப்பைப் பட்டி போட்டு, தேய்த்து, மழுங்க அடித்துவிட்டார்கள். ஷோரூமிலிருந்து நேற்று வந்த மாதிரி இருக்கிறது என்று சொன்னால் அவர்களுக்குப் பெருமை. நேற்று வந்த வண்டியைப் பார்க்க நான் ஏன் மெனக்கெட வேண்டும்?

காரைக்கால் ஜீப்பின் தொட்டி வேறு மாதிரி. கடலோரத்தில் இரும்புக்கு ஆயுசு கம்மி. மேலே உப்புக்காற்று, கீழே ஐஸ் உருகி வடிகிற மீன் தண்ணீர். அடித்தகடு சல்லடையாகிவிட்டதாம். அதை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வெல்டிங் வைத்திருக்கிறார். ஒட்டுப் போட்ட கோடு தெரிகிறது. அதை மறைக்கவில்லை. தகட்டின் மேல் பழையபடியே மரப்பலகை. பக்கத் தகடுகளில், ஐஸ் பாரை இழுத்து இழுத்து உள்வாங்கிய பள்ளங்களை அப்படியே விட்டிருக்கிறார். எது செத்துவிட்டதோ அதை மாற்றியாயிற்று. எது தேய்ந்திருக்கிறதோ அதைக் காப்பாற்றியாயிற்று. இந்த வித்தியாசம் தெரிந்தவர்தான் நல்ல ரிப்பேர்க்காரர். இந்த இடத்துக்கு முழு மார்க்.

கடைசியில் பின் டோர். வலது மூலை உள்பக்கமாக மடங்கியிருக்கிறது. யானை மிதித்த மாதிரி. டிங்கரிங் ஆளிடம் கொடுத்தால் ஒரு மணி நேர வேலை. ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அது 2004 டிசம்பர் 26 சார். ஞாயித்துக்கிழமை. அலை வந்து ஒரு ஃபைபர் போட்டைத் தூக்கி இது மேல அடிச்சது. வண்டி சாயல. தண்ணி வடிஞ்சதும் எப்படியோ ஸ்டார்ட் ஆயிடுச்சு. அன்னிக்குப் பூரா இதுலதான் ஜனங்களை ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கிட்டுப் போனோம். முதல் ரெண்டு டிரிப்புல உசிரோட இருந்தாங்க."

மூன்றாவது டிரிப்பைப் பற்றி அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

காரைக்கால் கடலோரக் கிராமங்களில் அந்த ஒரே காலையில் நூற்றுக்கணக்கான பேர் போனார்கள். அவர்களை நினைவில் வைத்துக்கொள்ள ஸ்தூபிகள் இருக்கின்றன. மடங்கிய இந்தத் தகடும் அப்படி ஒன்றுதான். இதை நிமிர்த்திப் பெயிண்ட் அடித்திருந்தால் வண்டி அழகாகியிருக்கும். சாட்சி செத்திருக்கும்.

இனி ஒரு வழக்கு இருக்கிறது, நீங்கள்தான் ஜட்ஜ்.

2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. நல்ல விஷயம். முதன்முதலாகப் பதிந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். ஒரிஜினல் வடிவம் மாறியிருக்கக் கூடாது. சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், புதுப்பிக்க 5,000 ரூபாய். நம்பர் பிளேட்டில் 'விஏ' என்று தனி எழுத்து. எல்லாம் சரி. எந்த வண்டிகளுக்கு என்று பார்த்தால், டூ வீலருக்கும், ஆள் ஏறும் காருக்கும்தான். சரக்கு வண்டி அந்தப் பட்டியலிலேயே இல்லை. லாரி, டெம்போ, பிக்கப் எதுவும் விண்டேஜ் ஆகாது. மூணு சக்கர வண்டிக்கும் இடமில்லை.

நம்மவர் ஆர்.சி. புக்கில் 'கூட்ஸ்' என்று இருக்கிறது. விஷயத்தைச் சொன்னேன். "அப்ப ராஜா ஏறினா விண்டேஜ், மீன் ஏறினா பழசா சார்?" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் டீயைக் குடித்தேன்.

சட்டம் போட்டவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. பழைய சரக்கு வண்டியை விண்டேஜ் என்று சொல்லி, புகை கக்கிக்கொண்டு லோடு அடிக்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? பிரேக் பிடிக்காத கிழட்டு லாரி உங்கள் ஸ்கூட்டருக்குப் பின்னால் வருவதை நினைத்தால் எனக்கும் வயிறு கலங்குகிறது. ஆனால் விண்டேஜ் வண்டியைத் தினசரி உபயோகத்துக்கோ வியாபாரத்துக்கோ ரோட்டில் ஓட்டக் கூடாது என்று அதே விதி கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறதே. அதே கண்டிப்போடு இவர்களையும் சேர்த்துக்கொள்வதில் என்ன நஷ்டம்?

'ஒரிஜினல் வடிவம்' என்பதிலும் எனக்கு வழக்கு உண்டு. தோளில் துண்டும் தலையில் கைக்குட்டையுமாக, மூடியில்லாத மொட்டை சேஸிஸை ஒருவர் நெடுஞ்சாலையில் ஓட்டிப் போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பஸ்ஸானால் கரூர், லாரியானால் நாமக்கல் என்று பாடி கட்டப் போகிற வண்டி அது. நம் ஊர் சரக்கு வண்டி பலவற்றுக்குப் பாதி உடம்பு ஃபேக்டரியிலிருந்து வந்ததே கிடையாது. உள்ளூர் ஆசாரியும் வெல்டரும் கொடுத்தது. அமெரிக்காவிலும் ஆரம்பம் இதுதான். காரை வாங்கிப் பின்னால் மரப்பெட்டி அடித்துக்கொண்ட விவசாயிகளைப் பார்த்துவிட்டுத்தான், ஃபோர்டு கம்பெனி 1925-ல் தானே தொட்டி வைத்த மாடல் டி பிக்கப்பை 281 டாலருக்கு விற்றது. மாற்றிக்கொள்வதுதான் வேலை வண்டியின் ஒரிஜினல்.

யாழ்ப்பாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1990-களில் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கண்ணில் பட்டால் அதிசயம். அங்கே பழைய ஆஸ்டின், மோரிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஸ்டார்ட் ஆக மட்டும் ஒரு துளி பெட்ரோல். கம்பெனி கனவிலும் நினைக்காத குழாயும் டப்பாவுமாக எஞ்சினைத் திருத்திக்கொண்டார்கள். அப்படி ஒரு கார் இன்றைக்கு யார் கையிலாவது கிடைத்து, "ஒரிஜினலாக்குகிறேன்" என்று அந்தக் குழாயைப் பிடுங்கிக் குப்பையில் போட்டால், போவது குழாய் மட்டுமா? ஒரு ஊரே உயிர் பிழைத்த விதம் குப்பைக்குப் போகிறது.

இது தெரிந்தவர்கள் இல்லாமலில்லை. யுத்தத்துக்கு முன்னால் சோதனைக்காகச் செய்து, ஜெர்மானியர் கையில் சிக்காமல் ஒளித்துவைத்த 2சிவி மாதிரி வண்டிகள் மூன்று 1990-களில் பிரான்சில் ஒரு கொட்டகைப் பரணில் கிடைத்தன. சிட்ரோயனிடம் பணமில்லையா, பெயிண்ட் இல்லையா? துருவும் அழுக்குமாகவே காட்சிக்கு வைத்தார்கள்.

அன்று சாயந்திரம் அம்மையார் கோயில் பக்கம் போனேன். வீடுகளின் மேலிருந்து மாம்பழங்கள் பறந்துகொண்டிருந்தன. பிடிக்கக் கைகள் உயர்ந்துகொண்டிருந்தன. எனக்கு இந்த ஊர்ப் பெண் புனிதவதியின் கதை வேறு மாதிரி புரிந்தது. அழகான உடம்பை உதறிவிட்டுப் பேய் உருவம் கேட்டு வாங்கிக்கொண்டவர் அவர். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் அவருடைய சோழர் காலத்து வெண்கலச் சிலை ஒன்று இருக்கிறது. கையில் தாளம், ஒட்டிய உடம்பு, துருத்திய எலும்பு. அந்தச் சிற்பிக்கு ஒரு அழகியைச் செய்யத் தெரியாதா என்ன? விலா எலும்பு தெரிந்தால்தான் அது காரைக்கால் அம்மையார் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் ஊரில் பழைய வண்டி ஊர்வலம் நடந்தால் போய்ப் பாருங்கள். ரோல்ஸ் ராய்ஸ் பக்கத்தில் கூட்டம் இருக்கும், இருக்கட்டும். ஓரமாக ஒரு பழைய பிக்கப்போ, வேனோ நின்றால் அதன் முகத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். பின்பக்கம் போங்கள். பலகை தேய்ந்திருக்கிறதா? ஓரத்தில் கயிறு கட்டிய தடம் இருக்கிறதா? ஒட்டுப் போட்ட இடத்தை மறைத்திருக்கிறார்களா, விட்டிருக்கிறார்களா? மூன்றையும் பார்த்துவிட்டு நீங்களே மார்க் போடுங்கள்.

கொட்டகைக்குத் திரும்பியபோது இருட்டிவிட்டது. "பீச் வரைக்கும் ஒரு ரவுண்டு போலாம், முன்னாடி ஏறுங்க சார்" என்று கதவைத் திறந்தார்.

நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.