அழியாத கோலங்களும் அழிந்த லயங்களும்

நட்பைப் பற்றித் தமிழர் பேசியது கொஞ்சமன்று. வள்ளுவர் 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்களை அதற்கென்றே ஒதுக்கினார். கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் முகம் பாராமலே உயிர் கலந்தவர்கள். பாரிக்குக் கபிலர், அதியமானுக்கு ஔவை. ஆயினும் இவர்கள் யாவரும் முதிர்ந்தோர் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். சிறுவர்தம் நட்பைப் பழம்புலவர்கள் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. பிள்ளைத்தமிழ் பாடியோர் குழந்தையுடன் விளையாட ஆகாயத்து அம்புலியை அழைத்தார்களேயன்றி, அடுத்த வீட்டுப் பையனை அழைத்ததாகக் காணோம்! ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நம்மனோர் டாம் சாயரையும் ஹக்கையும் கூடப்பிறந்தோர்போல் அறிந்திருக்கிறோம். நம் மொழியில் அத்தகைய இரு பையன்களின் பெயரைச் சொல்லென்று எவரேனும் கேட்டால் சற்றுத் திகைக்கவே நேரும்.

இக்குறையைச் சினிமா ஓரளவு தீர்த்தது. 1979ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த "அழியாத கோலங்கள்" என்னும் படத்தையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம். இதனை எழுதி, இயக்கி, ஒளிப்பதிவையும் தாமே செய்தவர் பாலு மகேந்திரா. மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் 1939இல் பிறந்து, பூனாவில் படத்தொழில் பயின்று, 1977இல் கன்னடத்தில் "கோகிலா"வை எடுத்து, பின்னர்த் தமிழுக்கு வந்தவர். 1971இல் வெளிவந்த "சம்மர் ஆஃப் ஃபார்ட்டி டூ" என்ற அமெரிக்கப் படத்தின் சாயல் இதில் உண்டு என்பர். சாயல் இருப்பினும் மண் நம்முடையது; ஆறும் நம்முடையது.

கௌரிசங்கர், பட்டாபி, ரகுபதி என மூன்று பையன்கள். ஒரே ஊர், ஒரே வகுப்பு, ஒரே ஆறு. மீசை அரும்பும் பருவம். பெண் என்றால் என்ன என்ற வினா மூவர் நெஞ்சையும் அரிக்கின்றது. அப்போது இந்துமதி என்னும் ஆசிரியை ஊருக்கு வருகிறாள். கௌரிசங்கரின் மனம் அவளிடம் செல்கிறது. அவளோ வேறோர் இளைஞரை மணக்க இருப்பவள். இதனிடையே ரகுபதி ஆற்றில் மூழ்கி இறந்து போகிறான். கதை இவ்வளவே.

இந்துமதியாக நடித்த ஷோபா மிகையான ஓர் அசைவும் காட்டவில்லை. அடுத்த ஆண்டே அவர் மாண்டதை எண்ணும்போது அந்தச் சிரிப்பைக் காணக் கண் கூசுகிறது. ஊர்விட்டு ஊர் வந்து உழைத்துண்ணும் ஒரு பெண்ணை, அழவைக்காமலும் தெய்வமாக்காமலும் சாதாரண மனுஷியாகக் காட்டியது அக்காலத் தமிழ்ச் சினிமாவில் சிறிய சீர்திருத்தமன்று. சலீல் சௌதுரியின் இசையும் கதையை மிதித்துக்கொண்டு முன்னே ஓடாமல் பின்னே நடக்கிறது.

பையன்களின் ஆவலை ஆபாசம் என்று முகஞ்சுளிப்போர் உண்டு. அவர்களை ஒன்று கேட்கிறோம்: அவ்வாவலுக்கு விடை சொல்ல அந்த ஊரில் யார் இருந்தார்? பள்ளியில் அறத்துப்பாலும் பொருட்பாலும் நடத்தி, மூன்றாம் பால் வந்ததும் புத்தகத்தை மூடிவிடும் சமுதாயம் நம்முடையது. பெரியோர் வாய்மூடினால் பிள்ளைகள் வேலிச் சந்தில் எட்டிப் பார்க்கத்தான் செய்வர். படம் அவர்களைக் கேலி செய்யவுமில்லை, தண்டிக்கவுமில்லை.

தண்டிக்கவில்லை என்றா சொன்னோம்? ரகுபதியின் சாவு நமக்கு உறுத்தலாகவே இருக்கிறது. மூவரில் ஒருவனை ஆற்றுக்குக் கொடுத்தாலன்றிப் பாலப்பருவம் முடியாதா? வளர்தல் என்பது மெல்ல மெல்ல நிகழ்வது. முதற்பாதி முழுதும் அதனைப் பொறுமையாகக் காட்டிய இயக்குநர், முடிவில் பொறுமையிழந்து வெள்ளத்தைத் துணைக்கழைத்தார் என்பதே நமது அபிப்பிராயம். மற்றொரு குறை, ஊரின் சாதிக் கட்டுகளைப் படம் பொருட்படுத்தாதது. அந்த ஆற்றின் எந்தத் துறையில் எந்தத் தெருப் பையன் குளிக்கலாம் என்ற கேள்வியே எழாத கிராமம் எங்கிருக்கிறதோ, நாமறியோம்.

இங்கே ஒரு செய்தியைக் குறிப்பிடத் தோன்றுகிறது. பாலு மகேந்திரா சிறுவராயிருந்தபோது, இலங்கையில் டேவிட் லீன் "குவாய் நதிப் பாலம்" எடுத்ததைப் பார்த்தார்; தமக்குச் சினிமா ஆசை விழுந்தது அங்கேதான் என்று பலமுறை சொன்னார். 1957இல் வெளிவந்த அப்படம் சயாம் மரண ரயிலைப் பற்றியது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் ஆயிரமாயிரமாய் மடிந்த பாதை அது. படத்திலோ வெள்ளைக்காரக் கைதிகளின் கதையே கதை. அதைப் பார்த்து மயங்கிய தமிழ்ச் சிறுவன் வளர்ந்து எடுத்த படத்தை, அத்தோட்டத்தாரின் பேரர்கள் இன்று பார்க்கிறோம்.

நம் பக்கத்துப் பிள்ளைகளின் கதை 2015இல்தான் திரைக்கு வந்தது. சஞ்சய் குமார் பெருமாளின் "ஜகாட்" அது. தோட்டத்தை விட்டுப் புறம்போக்குக் கம்பத்துக்கு வந்த குடும்பம், 1990களின் தொடக்கம், அப்போய் என்னும் பன்னிரண்டு வயதுப் பையன். படி படி என்று தகப்பன் அடிக்கிறான். குண்டர் கூட்டத்துச் சிற்றப்பனிடம் கிடைக்கும் மரியாதை பையனுக்குப் பள்ளியில் கிடைக்கவில்லை. மலேசியத் திரைப்பட விழாவில் 2016இல் சிறந்த மலேசியப் படமென்ற விருதும் பெற்றது. "அழியாத கோலங்க"ளில் ஆறு இருக்கிறது, "ஜகாட்"டில் சாக்கடை. அங்கே மூவர், இங்கே அப்போய் ஏறக்குறையத் தனியன். தோட்டம் கலைந்தபோது கூலி மட்டுமா போயிற்று? லயத்து வாசலில் கூடியிருந்த பிள்ளைக் கூட்டமும் போயிற்று. நட்பு இருந்த இடத்தைக் கூட்டாளி என்ற பெயரில் குண்டர் கூட்டம் பிடித்துக்கொண்டது. கலையழகில் முதற்படம் மேலானதாயினும், நமக்கு உண்மை சொன்னது இரண்டாவதே.

முதற்படத்தை நாம் அண்மையில் மீண்டும் பார்த்தது தஞ்சோங் பகாரில், பால்ய நண்பர் ஒருவரின் அடுக்குமாடி அறையில். 1932இல் திறக்கப்பட்டு 2011 ஜூன் 30ஆம் தேதியோடு ரயில் நின்றுபோன பழைய நிலையம் அங்கிருந்து நடைதூரந்தான். படத்தின் தொடக்கத்தில் வளர்ந்த கௌரிசங்கராகக் கமல்ஹாசன் வருகிறார். இந்து டீச்சர் இறந்துவிட்டாரென்று பட்டாபியிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. கதை பின்னோக்கிச் செல்கிறது. இளவயதில் கடந்துபோன இக்கடிதம் இம்முறை எங்களை நிறுத்திவிட்டது. இத்தனை ஆண்டுக்குப் பின்னும் பட்டாபியிடம் கௌரிசங்கரின் விலாசம் இருக்கிறதே!

ஜொகூர்த் தோட்டப் பள்ளியில் நாங்களும் மூவர். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள்; பின்பு அதையும் விற்றார்கள். லயம் லயமாகக் குடும்பங்கள் லாரி ஏறின. ஒருவன் கிராணியானேன், ஒருவர் கடல் தாண்டித் துறைமுக வேலைக்கு வந்தார். மூன்றாமவன் ஆற்றில் மூழ்கவில்லை. ஒருநாள் லாரியில் பானை சட்டிகளின்மேல் உட்கார்ந்து கையசைத்துக்கொண்டு போனான், அவ்வளவுதான். அவன் சாவுக்குக்கூட எங்களுக்குக் கடிதம் வாராது.

படம் முடிந்தபின் நண்பர் கைப்பேசியை எடுத்து அவன் பெயரைத் தேடத் தொடங்கினார். அதே பெயரில் நூற்றுக்கணக்கானோர் வந்தனர். தகப்பன் பெயரையும் சேர்த்துத் தேடலாமென்றேன். அது முனுசாமி என்றார் அவர். முனியாண்டி என்றேன் நான்.