'ஆல்ரெடி' என்றால் 'ஏற்கனவே' மட்டும்தானா? – ஆங்கிலக் காலச் சொற்களும் நம் பயிற்சித்தாள்களும்



ஆங்கிலத்தில் காலம் காட்டும் வினையடைகளைச் சொல்லித்தர நாம் பெரும்பாலும் கையில் எடுப்பது ஓர் அட்டவணையைத்தான். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள். 'ஆல்ரெடி – ஏற்கனவே, யெட் – இன்னும், ஸ்டில் – இன்னும், ஜஸ்ட் – இப்போதுதான், சின்ஸ் – இருந்து, அகோ – முன்பு'. வழிகாட்டி நூல்களிலும் துணைப்பாட வகுப்புகளின் பயிற்சித்தாள்களிலும் இந்த ஆறு வரிகளை அடிக்கடி பார்க்கலாம்.

இந்த அட்டவணையில் எந்த வரியும் பொய் இல்லை. ஆனால் அதை மனப்பாடம் செய்த மாணவன் வாக்கியம் எழுத உட்கார்ந்தால் தடுமாறுகிறான். அப்போது நாம் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்றுதான்: "தமிழ்ல யோசிச்சு இங்கிலீஷ்ல எழுதுறான்." இந்தக் காரணம் சில இடங்களில் சரி, பல இடங்களில் தவறு. எது எங்கே என்று பிரித்துப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

1. 'ஆல்ரெடி'க்குத் தமிழில் மூன்று வழி

கீழே உள்ள மூன்று வாக்கியங்களைப் பாருங்கள்.

அ) சாப்பிட்டாச்சு. – ஐ ஹேவ் (ஆல்ரெடி) ஈட்டன்.
ஆ) இதை ஏற்கனவே சொல்லியிருக்கேன். – ஐ ஹேவ் ஆல்ரெடி டோல்ட் யூ திஸ்.
இ) அதுக்குள்ளே முடிச்சிட்டியா? – ஹேவ் யூ ஃபினிஷ்ட் ஆல்ரெடி?

மூன்றிலும் ஆங்கிலத்தில் 'ஆல்ரெடி' வரலாம். தமிழிலோ 'ஏற்கனவே' இரண்டாவதில் மட்டும்தான் வருகிறது. முதல் வாக்கியத்தில் வேலை முடிந்ததை வினையே காட்டிவிடுகிறது. 'ஆச்சு', 'விட்டது' போன்ற துணைவினைகள் அதற்காகவே இருக்கின்றன. மூன்றாவதில் இருப்பது வியப்பு. எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் நடந்துவிட்டது என்பதற்கு நாம் 'அதற்குள்' என்கிறோம். "ஏற்கனவே முடிச்சிட்டியா?" என்று கேட்டால் பொருளே மாறிவிடும்.

ஆக, 'ஆல்ரெடி – ஏற்கனவே' என்ற வரி மூன்றில் ஒரு பங்கைத்தான் சொல்லித்தருகிறது. மீதி இரண்டையும் மாணவன் தானாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சில பயிற்சித்தாள்களில் இன்னொரு விதியும் இருக்கும்: "ஆல்ரெடியை வாக்கியத்தின் கடைசியில் போடக்கூடாது." இதுவும் அரைகுறை விதி. மேலே உள்ள (இ) வாக்கியத்தில் அது கடைசியில்தான் நிற்கிறது, சரியாகவே நிற்கிறது. வியப்பு தொனிக்கும்போது கடைசி இடம் அதற்கு இயல்பான இடம்.

அப்படியானால் நம் ஊர்ப் பேச்சில் கேட்கும் "ஐ ஈட் ஆல்ரெடி" ஏன் தேர்வில் தவறாகிறது? இடத்தினால் அல்ல. 'ஹேவ்' இல்லாததாலும், 'ஈட்' என்பது 'ஈட்டன்' ஆகாததாலும்தான். இதைச் சொல்லாமல் "நடுவுலே போடு" என்று மட்டும் திருத்தினால், மாணவன் "ஐ ஆல்ரெடி ஈட்" என்று எழுதுவான். திருத்தியும் பயனில்லை.

இந்த "ஐ ஈட் ஆல்ரெடி" தமிழிலிருந்து வந்த வழக்கும் அல்ல. மாண்டரினில் 'லெ', ஹொக்கியனில் 'லியாவ்' என்று வினைக்குப் பின்னால் ஒட்டி, வேலை முடிந்ததைக் காட்டும் சொற்கள் உண்டு. மலாயில் 'சூடா' வினைக்கு முன்னால் வந்து அதே வேலையைச் செய்கிறது. சிங்கப்பூர் ஆங்கிலத்தில் 'ஆல்ரெடி' அந்தப் பாத்திரத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது. மொழியியலாளர் பாவ் ஜிமிங் 1995-இல் இந்த ஒரு சொல்லைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதியிருக்கிறார். கோப்பிக்கடையில் எல்லா இனத்தவரும் பேசும் ஒரு வழக்குக்குத் தமிழ் மாணவனின் தாய்மொழியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை.

இன்னொன்று. அமெரிக்கப் படங்களும் யூடியூப்பும் பார்த்து வளரும் பிள்ளை "ஐ ஆல்ரெடி ஏட்" என்று எழுதலாம். அமெரிக்க வழக்கில் அது சரியான வாக்கியம். பிரிட்டிஷ் மரபில் 'ஹேவ்' சேர்ப்பதுதான் வழக்கம். நம் பள்ளிகள் பெரும்பாலும் அந்த மரபைத்தான் பின்பற்றுகின்றன. "இது தப்பு" என்பதற்குப் பதிலாக "நம்ம தேர்வுக்கு இப்படி எழுது" என்று சொன்னால் மாணவனுக்கும் தெளிவு, நமக்கும் நேர்மை.

2. 'இன்னும்' – ஒரு சொல், நான்கு வேலை

இங்கே சிக்கல் தலைகீழ். தமிழில் ஒரே சொல், ஆங்கிலத்தில் பல.

- இன்னும் தூங்குறான். – ஹி இஸ் ஸ்டில் ஸ்லீப்பிங்.
- இன்னும் வரலே. – ஹி ஹேஸ் நாட் கம் யெட்.
- இன்னும் ரெண்டு இட்லி வை. – டூ மோர்.
- இன்னும் அஞ்சு நிமிஷத்துலே வரேன். – ஐ வில் பி தேர் இன் ஃபைவ் மினிட்ஸ்.

அட்டவணையில் 'யெட்', 'ஸ்டில்' இரண்டுக்கும் எதிரே 'இன்னும்' என்று எழுதிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். மாணவன் எப்படித் தேர்ந்தெடுப்பான்? அவனுக்கு ஒரு கேள்வியைக் கொடுக்கலாம்: "நடந்துகொண்டே இருக்கிறதா, நடக்க வேண்டியது நடக்கவில்லையா?" நடந்துகொண்டே இருந்தால் 'ஸ்டில்', வினைக்கு அருகில். நடக்க வேண்டியது நடக்கவில்லை என்றால் 'நாட்' சேர்த்து, வாக்கியக் கடைசியில் 'யெட்'. "வந்துட்டாரா?" போன்ற கேள்விகளிலும் கடைசியில் 'யெட்' வரும்.

திறமையான மாணவர்களுக்கு மூன்றாவது படியும் உண்டு. "ஹி ஸ்டில் ஹேஸ் நாட் கம்" என்பதும் சரியான வாக்கியமே. ஆனால் அதில் பொறுமை இழந்த குரல் கேட்கிறது. தமிழில் அதே உணர்ச்சியை "இன்னமும் வரலையே!" என்று நீட்டிச் சொல்கிறோம். கவனியுங்கள்: இந்தப் பயன்பாட்டில் 'ஸ்டில்' என்பது 'ஹேஸ் நாட்'டுக்கு முன்னால் வரும்.

மலாய் தெரிந்த மாணவர்களுக்கு இன்னொரு கைப்பிடி இருக்கிறது. 'பெலும்' என்றால் 'நாட் யெட்', 'மசே' என்றால் 'ஸ்டில்'. தமிழ் ஒன்றாக்கியதை மலாய் இரண்டாக்கி வைத்திருக்கிறது. மூன்று மொழி தெரிந்த பிள்ளைகள் நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விடுவது வீண்.

3. அகோ, சின்ஸ், ஃபார் – இங்கே தமிழ் நமக்கு உதவுகிறது

"சின்ஸ், ஃபார் ரொம்பக் கஷ்டம் சார்" என்று மாணவர்கள் சொல்வதுண்டு. ஆனால் தமிழ் இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே செய்கிறது.

- மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வந்தேன். – த்ரீ இயர்ஸ் அகோ.
- மூன்று ஆண்டுகளாக இருக்கிறேன். – ஃபார் த்ரீ இயர்ஸ்.
- 2021-இலிருந்து இருக்கிறேன். – சின்ஸ் 2021.

'முன்பு' வந்தால் 'அகோ'. 'ஆக' வந்தால் 'ஃபார்'. 'இருந்து' அல்லது 'முதல்' வந்து, செயல் இன்றுவரை தொடர்ந்தால் 'சின்ஸ்'. "மூன்று ஆண்டுகளிலிருந்து இருக்கிறேன்" என்று தமிழில் யாரும் சொல்வதில்லை. அதனால் 'சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்று எழுதும் மாணவன் தமிழில் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் 'ஃபார்' என்றுதான் எழுதியிருப்பான்.

'இருந்து' வந்தாலே 'சின்ஸ்' என்று முடிவு கட்டவும் கூடாது. "காலையிலிருந்து மாலை வரை" என்று முடிவும் சொல்லப்பட்டால் அது 'ஃப்ரம்'. 'வரை' பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

தமிழின் தாக்கத்தால் வரும் உண்மையான பிழைகள் இங்கே இரண்டு. அவற்றை மறைக்கத் தேவையில்லை.

முதலாவது, 'பிஃபோர் த்ரீ டேஸ்'. தமிழில் "மூணு நாளுக்கு முன்னே" என்பதில் வரும் 'முன்', "அவர் வர்றதுக்கு மூணு நாள் முன்னே" என்பதிலும் வருகிறது. ஆங்கிலம் இரண்டையும் பிரிக்கிறது. இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 'த்ரீ டேஸ் அகோ'. கடந்துபோன வேறொரு நிகழ்ச்சியிலிருந்து எண்ணினால் 'த்ரீ டேஸ் பிஃபோர்'.

இரண்டாவது, 'ஐ ஆம் ஸ்டடியிங் ஹியர் ஃபார் ஃபோர் இயர்ஸ்'. தமிழில் "நாலு வருஷமா படிக்கிறேன்" என்று நிகழ்காலமே போதும். ஆங்கிலத்துக்கு 'ஐ ஹேவ் பீன் ஸ்டடியிங்' வேண்டும். இங்கே வினையடை சரி, வினைதான் தவறு. இதை வினையடைப் பிழை என்று வட்டமிட்டால், மாணவன் 'ஃபார்' என்ற சரியான சொல்லை அழித்துவிட்டு வேறொன்றைத் தேடுவான்.

4. நம் ஊர்ச் சொற்கள்: 'ஜஸ்ட் நவ்', 'லாஸ்ட் டைம்', 'நெக்ஸ்ட் டைம்'

இந்த மூன்றும் அட்டவணைகளில் வருவதே இல்லை. ஆனால் மாணவர்களின் கட்டுரைகளில் தவறாமல் வருகின்றன.

காலை ஏழு மணிக்குச் சபைகூடலில் நடந்ததை மதியம் இரண்டு மணிக்கு 'ஜஸ்ட் நவ்' என்பது இங்கே சாதாரணம். மலாயின் 'தாடி' போன்ற பயன்பாடு இது (நம் முகத்துத் தாடி அல்ல!). பொது ஆங்கிலத்தில் 'ஜஸ்ட் நவ்' என்றால் சில நிமிடங்களுக்கு முன், அல்லது இந்த நேரத்தில். ஆகவே 'திஸ் மார்னிங்' அல்லது 'அர்லியர் டுடே' என்று எழுதச் சொல்லுங்கள்.

'லாஸ்ட் டைம்' என்பதை இங்கே மலாயின் 'டூலு' போல, "அந்தக் காலத்துலே" என்ற பொருளில் சொல்கிறோம். பொது ஆங்கிலத்தில் அது 'போன தடவை'. "லாஸ்ட் டைம் மை கிராண்ட்ஃபாதர் ஒர்க்ட் இன் அன் எஸ்டேட்" என்று எழுதினால், வெளியூர்க்காரர் தாத்தா போன தடவை மட்டும் தோட்டத்தில் வேலை செய்தார் என்று எடுத்துக்கொள்வார். 'இன் த பாஸ்ட்' அல்லது 'யூஸ்ட் டு ஒர்க்' என்பதே சரி. 'நெக்ஸ்ட் டைம்' என்பதை "பிற்காலத்தில்" என்ற பொருளில் எழுதுவதும் இப்படித்தான். 'இன் த ஃபியூச்சர்' என்று மாற்றவும்.

எஸ்பிஎம் ஆங்கில எழுத்துத்தாளின் முதல் பகுதி ஏறத்தாழ 80 சொற்களில் எழுதும் மின்னஞ்சல். நண்பனுக்கு எழுதுவதால் பேச்சு நடை தானாக வந்துவிடும். இந்த மூன்று சொற்களும் நுழையும் வாசல் அதுதான்.

வரிசை பற்றி ஒரு வார்த்தை. தமிழில் "திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு" என்று பெரியதிலிருந்து சிறியதுக்கு வருகிறோம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் சிறியதிலிருந்து பெரியது: 'அட் எய்ட் ஆன் மண்டே மார்னிங்'. "நேற்று இரவு" என்பதற்கு 'லாஸ்ட் நைட்'.

5. தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை?

"இது ஆங்கில ஆசிரியர் பாடம், தமிழாசிரியர் சங்க இதழில் எதற்கு?" என்று கேட்கலாம். சிங்கப்பூரின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்றவர்கள் 48.3 விழுக்காடு, தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. அங்கே பல பிள்ளைகள் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகவில்லை, ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வருகிறார்கள். அந்த அட்டவணையை அவர்கள் வலமிருந்து இடமாக அல்ல, இடமிருந்து வலமாகப் படிக்கிறார்கள். விளைவு, "நான் ஏற்கனவே சாப்பிட்டேன், ஏற்கனவே குளித்தேன், ஏற்கனவே வீட்டுப்பாடம் செய்தேன்" என்று ஒரு தமிழ். இலக்கணப் பிழை சொல்ல முடியாது. ஆனால் 'சாப்பிட்டாச்சு', 'குளிச்சிட்டேன்', 'அதுக்குள்ளேயா?' எல்லாம் அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து மறைந்துவிடுகின்றன. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் என்று கற்பித்தால் இழப்பு இரண்டு மொழிக்கும்தான்.

இன்னோர் இழப்பும் உண்டு. "தமிழ்ல யோசிக்காதே" என்று திரும்பத் திரும்பக் கேட்கும் பிள்ளை, தமிழே தன் மதிப்பெண்ணுக்குத் தடை என்று நம்பத் தொடங்குகிறது. மேலே பார்த்ததுபோல், 'ஃபார்', 'சின்ஸ்' விஷயத்தில் தமிழில் யோசித்தால்தான் மதிப்பெண் கிடைக்கும்.

வகுப்பில் செய்யக்கூடியவை

1. அட்டவணையைத் தூக்கி எறிய வேண்டாம். சொல்லுக்குச் சொல் என்பதை வாக்கியத்துக்கு வாக்கியம் என்று மாற்றுங்கள்.
2. தமிழ் வாக்கியத்தைப் பேச்சுத் தமிழிலேயே கொடுங்கள். 'ஆச்சு', 'அதுக்குள்ளே', 'வருஷமா' போன்ற வடிவங்கள் மாணவன் வாயில் புழங்குவதே அங்கேதான்.
3. திருத்தும்போது வினையடையையும் வினையையும் வெவ்வேறு நிறத்தில் குறியுங்கள். எது தவறு என்று அவனுக்குத் தெரியட்டும்.

மாணவர்களுக்குப் பயிற்சி (ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்துவிட்டு விடையைப் பாருங்கள்)

1. அப்பா இன்னும் வரலே.
2. நாலு வருஷமா பரதம் கத்துக்கிறேன்.
3. அதுக்குள்ளே கிளம்புறீங்களா?
4. இன்னும் பத்து நிமிஷத்துலே பஸ் வந்திடும்.
5. இந்தப் படத்தை ஏற்கனவே பார்த்திருக்கேன்.

விடைகள்: 1. மை ஃபாதர் ஹேஸ் நாட் கம் யெட். 2. ஐ ஹேவ் பீன் லேர்னிங் பரதநாட்டியம் ஃபார் ஃபோர் இயர்ஸ். 3. ஆர் யூ லீவிங் ஆல்ரெடி? 4. த பஸ் வில் பி ஹியர் இன் டென் மினிட்ஸ். 5. ஐ ஹேவ் ஆல்ரெடி ஸீன் திஸ் ஃபில்ம்.

மூன்றாவதில் 'ஏற்கனவே' இல்லாமலே 'ஆல்ரெடி' வந்திருக்கிறது, முதலாவதிலும் நான்காவதிலும் ஒரே 'இன்னும்' இரண்டு விதமாகப் பிரிந்திருக்கிறது. அவை ஏன் அப்படி என்று சொந்தச் சொற்களில் விளக்கத் தெரிந்த மாணவருக்கு அந்த அட்டவணை இனித் தேவைப்படாது.