கெபினுக்கும் செசிக்கும் நடுவே: பழைய ஹைலக்ஸில் இறப்பர் புஷ் மாற்றம்

கண்டி மலைப்பாதைகளில் இன்றும் ஓடும் ஐந்தாம் தலைமுறை டொயோட்டா ஹைலக்ஸ் டபிள் கெப்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் எஞ்சினைப் பற்றியே பேசுவர். 1988இல் அறிமுகமான அத்தலைமுறையின் எல்.என். 106 வகையிலுள்ள 2,779 சீசீ டீசல் எஞ்சினின் உழைப்பையும், முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங்குகளின் மேல் நிற்கும் அச்சுகளின் உறுதியையும் இப்பகுதியில் அறியாதார் இல்லையாதலால், அவற்றை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. அந்த உழைப்பை உள்ளே இருப்பவர் தாங்கக்கூடியதாக ஆக்குபவை கெபினுக்கும் செசிக்கும் இடையில் நசுங்கிக் கிடக்கும் சில இறப்பர்த் துண்டுகளே. அவை புதிதாக மாற்றப்பட்ட துருவேறிய கெப் ஒன்று ஹந்தானைத் தோட்டப் பாதைகளிலும் கடுகண்ணாவை இறக்கத்திலும் வாரக்கணக்கில் ஓட்டப்பட்டதன் பயனாகவே இம்மதிப்பீடு எழுதப்படுகிறது.

செசி எனப்படுவது இரு நீண்ட உருக்குச் சட்டங்களைக் குறுக்குச் சட்டங்கள் இணைக்கும் ஏணி வடிவ அடித்தளமாகும். எஞ்சினும் அச்சுகளும் அதனுடன் பிணைக்கப்பட்டிருக்க, கெபின் தனி உடலாக அதன்மேல் பல இடங்களில் போல்ட்டால் இருத்தப்படுகிறது. ஒவ்வோர் இடத்திலும் செசித் தாங்கிக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரு இறப்பர் மெத்தைகளும், அவற்றின் நடுவே ஓர் உருக்குக் குழலும், இரு புறமும் அகன்ற வாஷர்களும் உள்ளன; இத்தொகுதியே வழக்கில் பொடி புஷ் எனப்படுகிறது. அது தேய்ந்தால் கெபின் ஒரு பக்கம் சாய்கிறது, கதவை இழுத்து அடிக்க வேண்டியிருக்கிறது, கெபினுக்கும் பின்தட்டுக்கும் இடையிலான வெளி மேலே ஓர் அகலமும் கீழே வேறோர் அகலமும் காட்டுகிறது. கடுகண்ணாவையிலிருந்து இறங்கும்போது பிரேக் மிதித்தால், செசி நின்ற பின்னும் கெபின் சற்று முன்னே நகர்ந்து ‘டொக்’ என்று இடிக்கிறது. ரேடியேட்டர் உடலோடும் விசிறி எஞ்சினோடும் சேர்ந்திருப்பதால், முன்புற மெத்தைகள் மிகவும் அமுங்கிய வாகனங்களில் விசிறி இதழ் அதன் உறையின் கீழ் விளிம்பை உரசிய வெண்கோடு கூடக் காணப்படும். இவ்வளவு தெளிவான அடையாளங்கள் இருந்தும், பழி முதலில் ஷொக் அப்சோர்பர்மீதும் பிறகு எஞ்சின் மவுண்டிங்மீதும் விழ, அவற்றை மாற்றிப் பணம் கரைந்த பின்னரே எவரேனும் கெபினின் அடியில் பார்க்கின்றனர் என்பது வருந்தத்தக்கது.

மாற்றிய பின் கிடைக்கும் பயனைச் சுருங்கச் சொல்லிவிடலாம்: கதவு ஒரு விரலின் தள்ளலில் மூடுகிறது, கியர் தண்டின் நடுக்கம் தணிகிறது, கற்கள் பெயர்ந்த தோட்டப் பாதையில் முன்னிருக்கையில் இருப்பவர் குரலை உயர்த்தாமல் பேச முடிகிறது. முப்பது ஆண்டு கடந்த வாகனமொன்றில் இவ்வளவு மாற்றத்தை வேறெந்தச் சிறு உறுப்பும் தருவதில்லை.

துன்பம் முழுவதும் இறப்பருக்குள்ளே செல்லும் போல்ட்டில் இருக்கிறது. தென்மேற்கு, வடகீழ் ஆகிய இரு பருவ மழைகளும் நனைக்கும் கண்டியில், செசித் தாங்கியின் மேல் தேங்கும் சேறு காய்வதற்குள் மீண்டும் ஈரமாகிறது. வீதியில் உப்புத் தூவும் வழக்கம் இங்கில்லையெனினும், ஜப்பானின் பனிப் பிரதேசங்களில் ஓடி வந்த வாகனங்கள் உப்பின் துருவைத் தம்மோடு கொண்டுவருகின்றன. அதனால் போல்ட்டும் குழலும் ஒரே கட்டியாகின்றன. மேல்முனை நட், கெபின் தரைத்தகட்டில் புள்ளி வெல்டிங் செய்யப்பட்ட சிறு கூட்டுக்குள் அடைக்கப்பட்டிருக்கும் இடங்களில், துருவால் அக்கூடு பெயர்ந்து நட்டும் போல்ட்டோடு சேர்ந்து சுழலும். அப்போது தரைவிரிப்பை அகற்றி, தகட்டை மூன்று பக்கம் வெட்டி மடித்து, நட்டைச் சாவியால் பிடித்துக் கழற்றி, மீண்டும் வெல்டிங் செய்து சீலர் பூசுவதைத் தவிர வேறு வழியில்லை. ஏணிச் செசி வாகனங்களை வடிவமைப்போர் அக்கூட்டின் மேல் ஒரு சிறு மூடியை வைத்திருந்தால், ஒரு நாள் வேலை மூன்று நாள் வேலையாகாது. அரை நூற்றாண்டு உழைக்கும் எஞ்சினைச் செய்யத் தெரிந்த துறை இதை எண்ணாது விட்டதை மன்னிப்பது கடினம்.

கழற்றிய தொகுதியைக் கையில் எடுத்துப் பார்த்தால் பாடம் தெளிவாகிறது. மேல் மெத்தை விளிம்பு பிதுங்கித் தட்டையாகியிருக்கும்; குழலின் முனைகள் செதில் செதிலாக உதிர்ந்து அதன் நீளம் குறைந்திருக்கும். இறப்பர் எவ்வளவு அழுந்த வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அக்குழலின் நீளமே. வாஷர் குழலின் முனையைத் தொட்டவுடன் இறுக்கம் அங்கே நின்றுவிட வேண்டும். குறுகிய பழைய குழலின் மேல் புதிய இறப்பரைப் போட்டால், அது முதல் நாளிலிருந்தே அளவுக்கு மீறி நசுங்கும். மெத்தைகளை மட்டும் மாற்றிவிட்டு, ‘இந்தப் புஷ் நிற்கவில்லை’ என்று குறைகூறுவோர் பலரின் சிக்கல் இதுவே.

துருவைத் தடுக்கவென்று வாகனத்தின் அடிப்பாகத்தில் கழிவு எஞ்சின் எண்ணெயைத் தெளிக்கும் பழக்கமும் கைவிடப்பட வேண்டும். எண்ணெய் இரும்பைக் காக்கிறது. இயற்கை இறப்பரையோ ஊறிப் பொங்கச் செய்து மென்மையாக்கி அழிக்கிறது. இரும்பும் இறப்பரும் ஒன்றையொன்று தழுவியிருக்கும் இவ்விடத்தில், துருத்தடுப்புப் பூச்சை மெத்தைகளைப் பூட்டுவதற்கு முன்பே தாங்கியின்மேல் பூசி உலரவிடுவதே முறை.

பொலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருளாலான கடினமான புஷ்களும் கிடைக்கின்றன. அவை எண்ணெயைத் தாங்கும், எளிதில் அமுங்கா. ஆனால் டீசல் எஞ்சினின் அதிர்வைக் கெபினுக்குள் கடத்திவிடுவதால் மலைப்பாதைக்கு ஏற்றவையல்ல. கியூ பூங்காவிலிருந்து 1876இல் வந்த இறப்பர்க் கன்றுகள் நடப்பட்ட ஹெனரத்கொடையைத் தன்னகத்தே கொண்ட நாட்டில், நல்ல இறப்பரை நாடுவது அறிவுக்கும் பொருந்தும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. அதன் பின்னும் புதிய கெப்பின் விலை பலருக்கு எட்டாததால், பழையதைக் காப்பது தேவையாகவே நீடிக்கிறது. எனினும் செசியே அரித்திருந்தால் புஷ் மாற்றுவதில் பொருளில்லை. அமெரிக்காவில் டகோமா முதலான வாகனங்களின் செசித் துரு தொடர்பான வழக்கைத் தீர்க்க 2016இல் டொயோட்டா 340 கோடி டொலர் வரை செலவிட இணங்கியது என்பது, அந்த அரிப்பு எவ்வளவு பாரதூரமானது என்பதைக் காட்டும். ஆகவே வேலைக்கு முன் ஒவ்வொரு தாங்கியையும் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்ற ஒலிக்குப் பதிலாக மந்தமான ஒலி எழுந்தால் முதற்செலவு செசிக்கே உரியது. ஒலி நன்றாயிருந்தால், போல்ட்களுக்குச் சில நாள் முன்னதாகவே துரு நீக்கியை அளவாகத் தெளித்து, ஒரு பக்கத்தைக் கழற்றும்போது மறுபக்கத்தைத் தளர்த்தி மட்டும் விட்டு, ஜெக்கின் மேல் அகன்ற பலகை வைத்துக் கெபினை உயர்த்துக. இறப்பரோடு புதிய குழல், போல்ட், நட், வாஷர் ஆகியவற்றையும் சேர்த்தே வாங்குக.