டெட்டாலில் ஊறும் கோப்ளின்கள்

பழைய ஈயப் பொம்மையின் மேல் இருக்கும் பெயின்ட்டை எடுக்க இங்கிலாந்தில் பலரும் நம்புவது டெட்டாலைத்தான். தண்ணீர் கலக்காத டெட்டாலில் ஒரு நாள் ஊறப்போட்டு, தேய்ந்துபோன டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் முப்பது வருடத்துப் பெயின்ட் வெயிலில் உரிந்த தோல்போலக் கழன்று வரும். ஒரே எச்சரிக்கை, தேய்த்து முடிக்கும்வரை தண்ணீர் படக்கூடாது. பட்டால் கரைந்ததெல்லாம் கோந்து மாதிரி ஆகி மூக்கிலும் காதிலும் அப்பிக்கொள்ளும். முதல் தடவை எனக்கு அப்படித்தான் ஆனது. பெங்களூரில் என் இரண்டு அறை வீடு முழுக்கப் பிரசவ வார்டு வாசனை. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா பதறிப்போய் பால்கனிக்கு வந்தார்.

"என்னடா, கையில வெட்டிக்கிட்டியா?"

"இல்லம்மா, ஈயப் பொம்மையக் கழுவுறேன்."

அம்மாவுக்கு ஈயம் என்றால் ரசம் வைக்கிற ஈயச்சொம்பு. அது வெள்ளீயம். இது காரீயமும் வெள்ளீயமும் கலந்தது, அடுப்படிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது, தொட்டால் கை கழுவணும் என்று விளக்கினேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. தேய்த்து வைத்திருந்த கோப்ளின் ஒன்றைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இவ்ளோ அசிங்கமான மூஞ்சிய யாரு ஒக்காந்து செஞ்சது?" என்றார்.

இந்தப் பொம்மைகளைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனத்தையும்விட நல்ல கேள்வி அது. 'இது எந்த கேம்', 'எவ்வளவு விலை' என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. யார் உட்கார்ந்து செய்தது என்று கேட்டார்.

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். நாட்டிங்ஹாமில் ஒன்றரை வருடம் ஆன்சைட் இருந்தபோது, போர் விளையாட்டுக் கண்காட்சி ஒன்றின் பழைய பொருள் விற்கும் மேஜையில் ஷூ டப்பா நிறைய கோப்ளின்களை வாங்கினேன். மொத்தம் இருபத்து மூன்று. 80களில் சிட்டடல் மினியேச்சர்ஸ் வார்த்தவை. 1983இல் இதே நிறுவனம்தான் வார்ஹாமர் என்கிற மிகுபுனைவுப் போர் விளையாட்டை வெளியிட்டது. எழுதியவர்கள் ரிக் ப்ரீஸ்ட்லி, ரிச்சர்ட் ஹாலிவெல், பிரையன் ஆன்செல். அதன் முதல் மூன்று பதிப்புகளையும் அந்தக் காலத்துப் பொம்மைகளையும் மட்டும் சேர்த்து, பெயின்ட் அடித்து, ஆடுகிறவர்களை 'ஓல்ட்ஹாமர்' கூட்டம் என்பார்கள். பெரும்பாலும் ஐம்பது வயது தாண்டிய ஆங்கிலேயர்கள். பள்ளிக்கூடக் காலத்தில் பாக்கெட் மணியில் வாங்க முடியாமல் போனதை இப்போது கிரெடிட் கார்டில் வாங்குகிறார்கள்.

எனக்கு அந்தச் சாக்குகூட இல்லை. என் பள்ளிக்கூடத்தில் நாங்கள் சண்டை போட்டது டபிள்யூ.டபிள்யூ.எஃப். டிரம்ப் கார்டுக்காக. கோப்ளின் என்ற சொல்லையே காலேஜில்தான் கேள்விப்பட்டேன். அப்படியானால் இது யாருடைய ஏக்கம்? அடுத்தவன் பால்யத்துக்கு நான் ஏன் ஏங்குகிறேன்? மானிட்டருக்குக் கீழே வரிசையாக நிற்கும் பச்சை முகங்களைப் பார்க்கும்போதெல்லாம் இது வந்து இடிக்கும்.

ஓல்ட்ஹாமர்காரர்கள் சொல்லும் பதில் எனக்கு ஒத்துவரவில்லை. 'அப்போ எல்லாம் ஆசைக்காகச் செஞ்சாங்க, இப்போ எல்லாம் வியாபாரம்' என்பது அவர்கள் பல்லவி. ஆனால் வார்ஹாமர் பிறந்ததே வியாபாரத்துக்காக. டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவருக்கு ஏழெட்டுப் பொம்மை போதும். படையோடு படை மோதுகிற விளையாட்டு என்றால் ஆளுக்கு நூறு வேண்டும். பொம்மை விற்க ஒரு காரணம் தேவைப்பட்டது, காரணமாக ஒரு விளையாட்டு எழுதப்பட்டது. அந்த வியாபாரத்தில் ஒன்றும் தப்பில்லை. கற்பு மட்டும் கொண்டாட வேண்டாம்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. அம்மா கேட்ட இடத்தில்.

அந்த முகங்களைச் செய்தவர்களில் முக்கியமானவர் கெவ் ஆடம்ஸ். இந்த வட்டாரத்தில் அவரைக் கோப்ளின் மாஸ்டர் என்றே சொல்வார்கள். அன்றைய முறை இது: கம்பியில் ஒரு எலும்புக்கூடு. அதன்மேல் நீலமும் மஞ்சளுமாக இரண்டு பட்டையாக வரும் எபாக்ஸிப் பசையைப் பிசைந்தால் கிடைக்கும் பச்சை மாவு. ஓரிரு மணி நேரத்தில் இறுக ஆரம்பித்துவிடும், அதற்குள் வேலையை முடிக்க வேண்டும். இதில் அடிப்படையான விஷயம், செய்கிற அளவும் விற்கிற அளவும் ஒன்று. மனிதப் பொம்மையே இருபத்தைந்து மில்லிமீட்டர்தான், கோப்ளின் அதைவிடக் குள்ளம். அதன் மூக்கை ஊசிமுனையால் இழுத்துவிட்டவரும், பெயின்ட் பிரஷ்ஷோடு உட்கார்ந்திருக்கும் நானும் ஒரே அளவு மூக்கோடு மல்லுக்கட்டுகிறோம். பிறகு அந்த மூலத்தை ரப்பர் வட்டுக்குள் வைத்துச் சூட்டில் அழுத்தி அச்சு எடுப்பார்கள். அச்சைச் சுழலவிட்டு உருகிய உலோகத்தை ஊற்றினால் கைரேகைக்குப் பக்கத்தில் வருகிற எல்லாமும் அப்படியே பதிந்துவிடும்.

இன்று திரையில் செதுக்குகிறார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிக்கொள்ளலாம், தப்பானால் 'அன்டூ'. பகுதி பகுதியாக வெட்டி உலோக அச்சில் பிளாஸ்டிக்காக வார்க்கிறார்கள். நேர்மையாகச் சொன்னால் தொழில்நுட்பத்தில் இன்றைய பொம்மைகள் எங்கேயோ போய்விட்டன. ஆடையின் தையல்கூடத் தெரிகிறது. ஆனால் எல்லாவற்றையும் சிற்பமே சொல்லி முடித்துவிடுகிறது. பெயின்ட் அடிப்பவனுக்கு மிச்சம் இருப்பது கோட்டுக்குள் வண்ணம் நிரப்புகிற வேலை. ஆடம்ஸின் கோப்ளினில் முகத்தில் பாதி மூக்கு, மீதி வாய். நீர்த்த பழுப்பு வண்ணத்தை ஒரு சொட்டு விட்டால் அது தானாக ஓடி மூக்கடியில் தேங்கி, நான் நினைக்காத ஒரு முகபாவத்தைக் கொண்டுவரும். ஒன்று கடன் கொடுத்தவனைப் பார்த்ததுபோல் விழிக்கும். பக்கத்தில் இருப்பது அப்ரைசல் மீட்டிங்கில் மேனேஜர் அடித்த ஜோக்குக்குச் சிரிக்கும். 

படை என்பதாலும் இது கூடுகிறது. ஒற்றைப் பொம்மைக்கு மாதக்கணக்கில் பெயின்ட் அடித்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது வேறு கலை. படைக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஏழாவது கோப்ளினில் சலிப்பு தட்டும், பதினொன்றாவதில் இதை ஏன் ஆரம்பித்தோம் என்று தோன்றும். பதினாறு, பதினேழில் ஒவ்வொன்றின் முகமும் தெரிந்துபோய்விடும். கடைசியாக அடித்தட்டின் விளிம்பில் அந்தக் காலத்து வழக்கப்படி பளீரென்று பச்சை. புல்லும் இல்லை, மண்ணும் இல்லை, வெறும் பச்சை. ரசனையாகப் பார்த்தால் மட்டமானது. எனக்குப் பிடிக்கும்.

கை என்று சொல்லும்போது ஊரையும் சொல்லவேண்டும். 80களின் நடுவில் சிட்டடல் இருந்தது நாட்டிங்ஹாம் அருகே ஈஸ்ட்வுட்டில். டி.எச். லாரன்ஸ் 1885இல் பிறந்த அதே ஈஸ்ட்வுட். சுரங்கத் தொழிலாளியின் மகன், சுரங்க ஊர். (லாரன்ஸின் 'சன்ஸ் அண்ட் லவ்வர்ஸ்' வந்த 1913இல்தான் எச்.ஜி. வெல்ஸும் பொம்மைப் படைகளை வைத்துப் போர் ஆட 'லிட்டில் வார்ஸ்' என்ற விதிநூலை வெளியிட்டார். இந்த இரண்டு புத்தகங்களையும் ஒரே அலமாரியில் வைத்திருக்கிறேன் என்பதில் எனக்கு ஒரு அற்ப கர்வம் உண்டு.) 1984 மார்ச்சில் தொடங்கிய சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் ஒரு வருடம் நடந்து தோற்றது. நாட்டிங்ஹாம்ஷயரில் பெரும்பாலான தொழிலாளர்கள் அதில் சேராமல் வேலைக்குப் போனார்கள். ஊர் இரண்டாகப் பிளந்தது.

அடுத்த ஆண்டு, 1986இல், ஹாலிவெல் எழுதிய 'தி டிராஜெடி ஆஃப் மெக்டெத்' வருகிறது. மெக்பெத்தைக் கேலி செய்யும் வார்ஹாமர் போர்க்கதை. அதற்குள் வேலைநிறுத்தம் செய்யும் குள்ளர் இனச் சுரங்கத் தொழிலாளர்கள். அவர்கள் தலைவன் பெயர் ஆர்கா ஸார்குல். தொழிற்சங்கத் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில்லின் பெயரை லேசாகத் திருகினால் கிடைப்பது.

இதைத் துணிச்சலான அரசியல் என்று நான் சொல்ல மாட்டேன். தோற்றுப்போனவர்களின் காயம் ஆறும் முன்னே அடித்த ஜோக், கொஞ்சம் குரூரமும்கூட. ஆனால் எழுதியவர்களின் ஜன்னலுக்கு வெளியே நடந்தது விளையாட்டுக்குள் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் நியூஸில் வந்த வருடம் அது. இன்று கேம்ஸ் வொர்க்ஷாப் லண்டன் பங்குச்சந்தையின் முதல் நூறு நிறுவனங்களில் ஒன்று, 2024 டிசம்பரில் அந்தப் பட்டியலுக்குள் நுழைந்தது. அதன் இன்றைய கற்பனை உலகங்கள் பிரம்மாண்டமானவை, எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிறார்கள். அந்த வசனங்களில் எனக்கு எந்த ஊரின் மண்ணும் தட்டுப்படவில்லை.

விதிகளிலும் இதே கதை. 1987இல் வந்த மூன்றாம் பதிப்பு வரைக்கும் இரண்டு ஆட்டக்காரர்களோடு மூன்றாவதாக ஒரு நடுவர் எதிர்பார்க்கப்பட்டார். கதையை அமைப்பவர், விதியில் இல்லாதது நடந்தால் தீர்ப்புச் சொல்பவர். 1992இன் நான்காம் பதிப்பு புள்ளிக்கணக்கில் இரண்டு படைகளைச் சமமாக்கி, அவர் இல்லாமலே ஆட வைத்தது. ஒரு இன்ஜினியராக எனக்கு அந்த முடிவு புரிகிறது. ஒவ்வொரு எட்ஜ் கேஸுக்கும் ஒரு மனிதரை உட்காரவைத்தால் சிஸ்டம் எப்படி ஸ்கேல் ஆகும்? நானும் ஆபீஸில் அதே வேலையைத்தான் செய்கிறேன், ஆளை எடுத்துவிட்டு விதியை வைப்பது. சனிக்கிழமை மட்டும் வீட்டில் நண்பன் ஒருவனை மூன்றாவது நாற்காலியில் உட்காரவைத்து, "மச்சி, கோப்ளினுக்கு நீச்சல் தெரியுமா, நீயே சொல்லு" என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதுவரை எழுதியது காதல் கடிதம். இனி எழுதுவதை இந்த வட்டாரத்தில் பலரும் மெல்லிய குரலில்தான் சொல்வார்கள்.

80களின் சிட்டடல் பட்டியலில் 'பிக்மி' என்று ஒரு வரிசை இருந்தது. ஆப்பிரிக்க மனிதர்களைத் தடித்த உதடும் பிதுங்கிய கண்ணுமாக ஆக்கிய கேலிச்சித்திரங்கள். பழைய பட்டியலின் ஸ்கேனில் அவற்றை முதலில் பார்த்தபோது பக்கத்தை மூடிவிட்டேன். பிறகு திறந்து பார்த்தேன், ஏனென்றால் என் வாதம் முழுக்க அங்கே மாட்டிக்கொண்டது. கோப்ளினின் மூக்கை இழுத்துவிட்ட அதே வகைக் கை, அதே பச்சை மாவு, அதே மிகைப்படுத்தும் குறும்பு. கற்பனை உயிரினத்தில் அது நகைச்சுவை, மனிதரில் அது அவமதிப்பு. கையால் செய்ததில் செய்தவரின் சிரிப்பு பதியும் என்றால் அவர் யாரைப் பார்த்துச் சிரித்தார் என்பதும் பதியும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை 'அந்தக் காலம் அப்படி' என்று தள்ளுவது எனக்கு முடியவில்லை. 'முழுத் தொகுப்பு வேணும்ல' என்று வாங்கி வைப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஆவணமாக அருங்காட்சியகத்தில் இருக்கட்டும். ஆடுகிற மேஜையில் வேண்டாம்.

இதைவிடச் சின்னது ஒன்று, ஆனால் என்னை நேரடியாகத் தொட்டது. பழைய சிட்டடல் பெயின்ட் டப்பாக்களில் தோலுக்கான நிறங்களின் பெயர்கள் 'எல்ஃப் ஃபிளெஷ்', 'டுவார்ஃப் ஃபிளெஷ்', 'பிரான்ஸ்டு ஃபிளெஷ்'. எல்லாமே வெள்ளைத் தோலின் வெவ்வேறு வெயில். நான் வாங்கிய முதல் மனிதப் படைவீரனுக்கு அந்த இளஞ்சிவப்பைத்தான் அடித்தேன், யோசிக்கவே இல்லை. இருபது பேருக்கு அடித்து முடித்து விளக்கடியில் பிடித்திருந்த என் கட்டைவிரலைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அதற்கப்புறம் டப்பாவில் இருந்து அப்படியே அடிப்பதில்லை. தோல் பைக்கான பழுப்பு, துளி சிவப்பு, நிழலுக்கு நீலம் என்று கலக்கிப் பார்த்தேன். என் தோல் நிறம் வர மூன்று வாரம் ஆனது. வெளிச்சம் படும் இடத்தில் வெள்ளை கலந்தால் சாம்பல் பூத்துப்போகும், மஞ்சளும் ஆரஞ்சும்தான் கலக்க வேண்டும். இதை எந்தக் கையேடும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அம்மாவிடம் அந்த இருபது பேரைக் காட்டினேன், பாதி சிவப்பு, பாதி கறுப்பு. "இவன் உங்க தாத்தா மாதிரி இருக்கான்" என்று ஒருவனைத் தனியாக எடுத்துவைத்தார். கையில் கோடரி, தலையில் கொம்பு வைத்த தொப்பி. தாத்தா பஞ்சாயத்து கிளார்க்.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஷூ டப்பாவில் இருந்த இருபத்து மூன்றும் ஏற்கெனவே யாரோ ஒரு பையனோ பெண்ணோ பெயின்ட் அடித்தவை. கெட்டியான எனாமல், கண்ணும் பல்லும் மூழ்கும் அளவுக்கு. இருபத்திரண்டை உரித்துவிட்டேன், வருத்தமில்லை. கடைசி ஒன்றுக்கு மட்டும் சிவப்புச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. கோப்ளினுக்கு எதற்கு இந்த வேஷம் என்று டெட்டால் டப்பாவின் மேலே பிடித்துக்கொண்டே யோசித்தேன். நாட்டிங்ஹாமில் பஸ் ஸ்டாப்பில் சனிக்கிழமைதோறும் பார்த்த நிறம். ஃபாரஸ்ட் கால்பந்து அணி, 1979இலும் 1980இலும் ஐரோப்பியக் கோப்பையை வென்றவர்கள்.

அதை உரிக்கவில்லை. பச்சை அடித்தட்டு மட்டும் போட்டு, முதல் வரிசையில் வைத்திருக்கிறேன். எனாமல் கெட்டியில் இன்னமும் அதற்குக் கண் தெரியவில்லை.