மாயா பஜாரில் மாயம் எங்கே இருக்கிறது?

போன மழைக்காலத்தில் ஓர் இரவு, பொத்தேரி அறையில் லேப்டாப்பில் 'மாயா பஜார்' (1957) மறுபடி பார்த்தேன். கே.வி. ரெட்டி இயக்கிய படம். மார்கஸ் பார்ட்லியின் கேமரா தந்திரங்களைப் பற்றி நிறையவே பேசியாகிவிட்டது. எஸ்.வி. ரங்காராவின் வாய்க்குள் பலகாரம் தானாகப் போவதை எப்படி எடுத்தார்கள் என்பது என் போன்ற எஞ்சினியர்களுக்குப் பிடித்த கேள்வி. ஆனால் ஒரு படம் இத்தனை வருஷம் நிற்க அது போதாது.

கதையைப் பாருங்கள். பாண்டவர்கள் சூதில் எல்லாவற்றையும் இழக்கிறார்கள். உடனே பலராமர் வீட்டில், அபிமன்யுவுக்குத்தான் வத்சலா என்ற பழைய பேச்சு காணாமல் போகிறது. துரியோதனன் மகன் மாப்பிள்ளையாகிறான். நொடித்த வீட்டைப் பார்த்ததும் சொந்தக்காரர்களின் குரல் மாறுவதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அப்பா கடையை மூடிய வருஷம், நேரில் வந்து வைக்க வேண்டிய கல்யாணப் பத்திரிகை எங்களுக்குத் தபாலில் வந்தது. இத்தனைக்கும் பாண்டவர்கள் படத்தில் தலையே காட்டுவதில்லை. நொடித்த சொந்தம் அப்படித்தான், பந்தியில் யார் கண்ணிலும் படாது.

அவர்களுக்காக வந்து நிற்பது சாவித்திரி. வத்சலா உருவில் வந்த கடோத்கஜனாக நடக்கிறார், முறைக்கிறார், மாப்பிள்ளையைப் படாதபாடு படுத்துகிறார். இங்கே தந்திரக் காட்சி தேவைப்படவில்லை, அவர் உடம்பே போதும். ஆயுதம் எடுக்காமல், கல்யாண வீட்டுக்குள்ளேயே புகுந்து தீர்க்கிற கணக்கு அது.

அம்மா அந்த இடத்தில் மட்டும் சத்தம் போட்டுச் சிரிப்பாள். நகைச்சுவைக்குத்தான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.